லிச் என்னும் சாகாப் பிணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், ஞாயிறு மாலைகளில் கூடி 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடும் சிறு குழு ஒன்றை நடத்தி வருகிறேன். ஒருவர் நடத்துநராக இருந்து கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி அதை நகர்த்தும் மேசை விளையாட்டு அது. ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர், எண்ணூர் எனப் பல பக்கங்களிலிருந்தும் புதியவர்கள் வந்து சேர்கிறார்கள். வேறு எந்த அரக்கனைப் பற்றியும் கேட்காத அளவுக்கு அவர்கள் லிச்சைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

லிச் என்பது பேயா, பிணமா, மந்திரவாதியா?

முதலில் மந்திரவாதி, பிறகுதான் பிணம். பேய் அன்று. மிகுந்த ஆற்றல் பெற்ற ஒரு மந்திரவாதி, தனக்குச் சாவு வரக் கூடாது என்று தானே முடிவெடுத்து, ஒரு கொடிய சடங்கின் வழியாகத் தன் உயிரை உடலிலிருந்து பிரித்து ஒரு பேழைக்குள் பூட்டி வைத்துவிட்டால், எஞ்சியிருக்கும் அந்த நடமாடும் உடலுக்கு லிச் என்று பெயர். தோல் வற்றி, சதை உதிர்ந்து, கடைசியில் எலும்பும் கந்தலான பட்டாடையும் மட்டுமே மிஞ்சும். அறிவும் நினைவும் மந்திரங்களும் ஒன்றுகூடக் குறைவதில்லை.

இந்த ஆட்டத்தில் உயிரற்றும் நடமாடும் உருவங்கள் நிறைய உண்டு. ஸோம்பியையும் எலும்புக்கூட்டையும் வேறொருவர் எழுப்பி ஏவுகிறார். அவற்றுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. இரத்தக்காட்டேரி பெரும்பாலும் இன்னொரு காட்டேரியிடம் கடிபட்டு அப்படி ஆகிறது. லிச் மட்டும் யாராலும் சபிக்கப்படவில்லை, யாராலும் கடிக்கப்படவுமில்லை. பல ஆண்டுகள் படித்து, பொருள் சேர்த்து, திட்டமிட்டு, விரும்பியே இந்த நிலையை அடைகிறது. மற்றவற்றின் மீது சில நேரங்களில் இரக்கம் வரலாம். லிச்சின் மீது வருவதற்கு இடமில்லை என்பது என் கருத்து.

'லிச்' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

பழைய ஆங்கிலத்தில் உடலுக்கும் பிணத்துக்கும் வழங்கிய 'லீச்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மானிய மொழியில் இன்றும் பிணத்தை 'லைஹெ' என்கிறார்கள். அது இதன் ஒன்றுவிட்ட உறவு. இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களின் வாசலில் கூரை போட்ட ஒரு நுழைவாயில் இருக்கும். பாதிரியார் வந்து எதிர்கொள்ளும் வரை சவப்பெட்டியை அங்கே இறக்கி வைப்பார்கள் என்பதால் அதற்கும் 'லிச் வாயில்' என்றே பெயர். ஆக, சொல்லின் நேர்ப்பொருள் வெறும் பிணம் என்பதுதான். மந்திரமோ சாகாமையோ அதில் இல்லை.

அமெரிக்கத் திகில் எழுத்தாளர்கள் இந்தப் பழஞ்சொல்லைத் தூசி தட்டி எடுத்தார்கள். 1930களில் எழுதிய கிளார்க் ஆஷ்டன் ஸ்மித், எழுந்து நடக்கும் பிணங்களுக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்தினார். அவரிடத்திலும் அது பிணத்தைக் குறிக்கும் சொல்தான். மந்திரவாதி என்ற பொருள் ஏறியது பிறகு.

விளையாட்டுக்குள் லிச் எப்போது நுழைந்தது?

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் மூன்று சிறு கையேடுகளாக வெளிவந்தபோது அதில் லிச் இல்லை. அடுத்த ஆண்டு, 1975இல், கைகாக்ஸும் ராப் குன்ட்ஸும் எழுதிய 'கிரேஹாக்' என்ற துணைநூலில்தான் முதலில் தோன்றியது. அங்கே அதற்கான விளக்கம் ஒரு பத்திதான்: முன்பு பெரும் மந்திரவாதியாக இருந்தது, மந்திர வலிமையாலும் மனவுறுதியாலும் மட்டுமே நிலைத்திருக்கிறது, தொட்டால் உடல் முடங்கும், பார்த்தாலே எளியவர்கள் ஓடிவிடுவார்கள். கவனியுங்கள், உயிரை ஒளித்து வைக்கும் பேழையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இன்று லிச் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வரும் அந்தப் பேழை, பிறந்தபோது அதனோடு இருக்கவில்லை.

1977இல் வந்த அரக்கர் கையேட்டில் பேழையின் பெயர் மட்டும் போகிறபோக்கில் சொல்லப்பட்டது. 1979இல் 'தி டிராகன்' இதழில் லென் லகோஃப்கா எழுதிய கட்டுரை ஒன்றுதான், ஒரு மந்திரவாதி படிப்படியாக எப்படி லிச் ஆகிறான் என்பதைச் சமையல் குறிப்பைப் போல விவரித்தது. அதன் பிறகு பேழையே லிச்சின் அடையாளமாகிவிட்டது. வெறும் வலிய எதிரியாக இருந்த ஒன்று, தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு புதிராக மாறியது அப்போதுதான்.

கைகாக்ஸ் எதைப் பார்த்து லிச்சைப் படைத்தார் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். 1969இல் வந்த, கோத்தார் என்ற வீரனைப் பற்றிய கார்ட்னர் ஃபாக்ஸின் கதைதான் அது. ஃபாக்ஸ் படக்கதை உலகில் பெயர் பெற்றவர். ஃபிளாஷ், ஹாக்மேன் ஆகிய நாயகர்களின் படைப்பில் பங்குள்ளவர். அவருடைய கதையில் அஃப்கோர்கோன் என்ற பழம்பெரும் மந்திரவாதியின் பிணம் கோத்தாருக்கு ஒரு மந்திர வாளைத் தருகிறது. தருவதோடு ஒரு நிபந்தனையும் போடுகிறது: அந்த வாள் இடுப்பில் இருக்கும் வரை வேறு செல்வம் எதையும் அவன் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆக, மூலக்கதையில் லிச் எதிரியே அன்று. கண்டிப்பான ஒரு கொடையாளி. விளையாட்டுக்குள் வந்த பிறகுதான் அதன் குணம் கெட்டது.

உயிர்ப்பேழையை முன்பு 'பிலாக்டரி' என்றார்கள். இப்போது ஏன் பெயர் மாறியிருக்கிறது?

'பிலாக்டரி' என்பது 'காப்பு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் தாயத்துக்கு அது மிக அருகில் நிற்கும் சொல். ஆனால் யூதர்கள் காலைத் தொழுகையின்போது நெற்றியிலும் கையிலும் கட்டிக்கொள்ளும், மறைநூல் வாசகங்கள் அடங்கிய தோல் பெட்டிகளுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான் வழங்குகிறது. ஒரு சமூகத்தின் வழிபாட்டுப் பொருளின் பெயரை, உயிர்களைத் தின்னும் பிணத்தின் பெட்டிக்கு வைப்பது முறையன்று என்ற எதிர்ப்பு எழுந்தது. 'பாத்ஃபைண்டர்' என்ற இதே வகை ஆட்டத்தில் அதை 'உயிர்க்கூண்டு' என்ற பொருளில் மாற்றினார்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் புதிய அரக்கர் கையேட்டில் 'ஆவிச்சாடி' என்ற பொருளில் மாற்றினார்கள். திருநீற்றுப் பையையோ கழுத்துச் சிலுவையையோ யாராவது இப்படிப் பயன்படுத்தியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், மாற்றம் சரியானது என்றே படுகிறது.

எங்கள் குழுவில் இந்தச் சிக்கலே எழவில்லை. முதல் நாளிலேயே ஒருவர் அதைக் 'கிளிக்கூண்டு' என்று அழைத்தார், அதுவே நிலைத்துவிட்டது.

அப்படியானால் லிச் நம் ஏழு கடல் கிளிக்கதையிலிருந்து எடுக்கப்பட்டதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் நிதானமாக விடை சொல்ல வேண்டியதும் இதுவே.

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள் தொங்கும் கூண்டில் இருக்கும் கிளியின் உடலில் மந்திரவாதியின் உயிர் இருக்கிறது என்ற கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை அரிது. வடசென்னையில் தெலுங்கு பேசும் வீடுகளில் பாலநாகம்மா கதையாக அதைச் சொல்வார்கள். அங்கேயும் மாயாவியின் உயிர் கிளியில்தான். மயில்ராவணன் கதையில் அவனுடைய உயிர்நிலை வண்டுகளில் ஒளிந்திருப்பதாக ஒரு வடிவம் உண்டு. கொண்டித்தோப்பிலிருந்து இரத்தின நாயக்கர் அண்ட் சன்ஸ் வெளியிட்ட 'பெரிய எழுத்து' புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த உலகம் பழக்கமானது. 'உயிர்நிலை' என்ற சொல்லே தமிழில் முன்பிருந்தே இருக்கும்போது, லிச்சின் பேழையை விளக்குவதற்கு எனக்கு வேறு சொல் தேவைப்பட்டதில்லை.

ஆனால் கைகாக்ஸ் இவற்றைப் படித்து எடுத்தார் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. இது உலகம் முழுவதும் பரவிக் கிடக்கும் கதைக்கரு. நாட்டார் கதைகளை வகைப்படுத்தும் ஆர்னே–தாம்சன்–ஊத்தர் பட்டியலில் இதற்கு 302 என்ற எண்ணே தரப்பட்டிருக்கிறது. எகிப்தில், இன்றைக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பழமையான பாப்பிரஸ் சுருள் ஒன்றில், பாட்டா என்ற இளைஞன் தன் இதயத்தை எடுத்து ஒரு மரத்தின் பூவின் மேல் வைக்கும் கதை இருக்கிறது. மரத்தை வெட்டியதும் அவன் விழுந்து சாகிறான். 'தங்கக் கொம்பு' என்ற பெருநூலை எழுதிய ஜேம்ஸ் ஃபிரேசர், 'உடலுக்கு வெளியே உயிர்' என்ற கருத்துக்கு அதில் இடம் ஒதுக்கி, நாடு நாடாகக் கதைகளை அடுக்கிக் காட்டினார். அதில் இந்தியாவின் பங்கு சிறியதன்று.

அவர் எடுத்துக்காட்டிய கதைகளில் ஒன்று பன்ச்கின் என்ற மந்திரவாதியின் கதை. பம்பாய் ஆளுநராக இருந்த பார்ட்டில் ஃபிரேரின் மகள் மேரி ஃபிரேர், தன் வீட்டு ஆயாவான அன்னா லிபராட்டா டி சோசா சொல்லக் கேட்டு எழுதி, 1868இல் வெளியிட்ட தொகுப்பில் அது இருக்கிறது. அடர்ந்த காட்டின் நடுவே பனைமரங்கள் சூழ்ந்த இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஆறு நீர்க்குடங்களுக்கு அடியில், சின்னக் கூண்டில் ஒரு பச்சைக்கிளி. இளைஞன் அதன் ஒரு சிறகைப் பிய்க்கும்போது மந்திரவாதியின் ஒரு கை விழுகிறது. கழுத்தைத் திருகும்போது அவன் கழுத்தும் திருகிக்கொள்கிறது. இங்கிலாந்து வாசகர்கள் இந்தக் கதையை அறிந்தது ஓர் ஆயாவின் வாய்ச்சொல்லால். மேல்நாட்டு மிகுபுனைவு இலக்கியம் வளர்ந்த மண்ணில் நம் கிளியின் இறகு ஒன்றும் கிடந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்கு மேல் உரிமை கொண்டாடுவது மிகை.

நம் கதைக்கும் லிச்சுக்கும் உண்மையான வேறுபாடு என்ன?

இதை நான் சில ஆண்டுகளாக யோசித்து வருகிறேன். கிளிக்கதைகளை ஒன்றுவிடாமல் எண்ணிப் பாருங்கள். மந்திரவாதி கிளியால் சாவதில்லை; பேச்சால் சாகிறான். சிறைப்பிடித்து வைத்த இளவரசி ஒருநாள் கனிவாகப் பேசி, "உங்களுக்குச் சாவே வராதா?" என்று கேட்கிறாள். அவன் முதலில் மழுப்புகிறான், பிறகு சொல்லிவிடுகிறான். பன்ச்கினும் அப்படித்தான் சொல்லிக் கெடுகிறான். ருஷ்யக் கதையின் கொஷ்சேயும் அப்படித்தான். மயில்ராவணன் கதையில் அவனுடைய உடன்பிறந்தவளே அநுமனுக்கு உதவுகிறாள். உயிரை எத்தனை கடலுக்கு அப்பால் வைத்தாலும், வீட்டுக்குள் பேச ஓர் ஆள் இருக்கிறது; அந்த ஆளிடம் தன் பெருமையைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது.

லிச்சுக்குப் பேச ஆளில்லை. மனைவி இல்லை, தங்கை இல்லை, ஆசைப்பட்டுக் கவர்ந்து வந்த இளவரசி இல்லை. உணவும் உறக்கமும் வேண்டாத உடம்புக்கு எந்த உறவும் தேவைப்படுவதில்லை. ஆகையால் அதன் உயிர்நிலை எங்கே என்ற செய்தி வெளியே கசிவதற்கு இயற்கையான வழி ஒன்றும் கிடையாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் அரக்கர்களுக்குச் சாகாமை வரமாகக் கிடைக்கிறது. தவத்துக்கு மகிழ்ந்து ஒரு தெய்வம் கொடுக்கிறது. கொடுக்கும்போதே, இரணியனுக்கு நேர்ந்ததைப் போல, அதில் ஒரு சந்து விடப்பட்டிருக்கிறது. லிச்சுக்கு வரம் கொடுத்தவர் யாருமில்லை. தன் ஒப்பந்தத்தைத் தானே எழுதித் தானே கையொப்பமிட்டிருக்கிறது.

கொஷ்சேய் யார்?

ருஷ்ய நாட்டார் கதைகளில் வரும் சாகாக் கிழவன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அலெக்சாந்தர் அஃபனாசியெவ் தொகுத்த கதைகளின் வழியே உலகறிந்தவன். அவன் சாவு ஓர் ஊசியின் முனையில் இருக்கிறது. ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள், பெட்டி ஒரு கருவாலி மரத்தின் அடியில், மரம் புயான் என்ற தீவில். கதைக்குக் கதை இந்த அடுக்கு கொஞ்சம் மாறும். லிச்சின் பேழைக்கு மேல்நாட்டு முன்னோடி ஒன்றைக் காட்டச் சொன்னால் பலரும் இவனைத்தான் காட்டுவார்கள். இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி இசையமைத்து 1910இல் அரங்கேறிய 'தீப்பறவை' நடன நாடகத்தில் முட்டை உடைபட்டு இவன் அழிகிறான்.

வேதாளமும் லிச்சும் ஒன்றா?

இல்லை. வேதாளம் பிறர் பிணத்தில் புகுந்து தங்கும் ஆவி. லிச் தன் பிணத்தை விட்டு இறங்க மறுக்கும் மனிதன். தவிரவும் வேதாளத்துக்குக் கதை சொல்லப் பிடிக்கும்.

சித்தர்களையும் லிச் என்று சொல்லலாமா? திருவொற்றியூரில் ஜீவசமாதி இருக்கிறதே?

கூடாது. இதை ஆட்டத்தில் ஒரு கதையாக வைக்கலாமே என்று இரண்டு மூன்று பேர் ஆர்வத்தோடு கேட்டிருக்கிறார்கள். மரியாதைக் குறைவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பொருளே தலைகீழாகிவிடும் என்பது.

திருவொற்றியூர்க் கடற்கரையோரம் சமாதி கொண்டிருக்கும் பட்டினத்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெருவணிகராக இருந்தவர் "காதற்ற ஊசியும் வாராதுகாண் கடைவழிக்கே" என்ற ஒரு வரியைப் படித்ததும் அனைத்தையும் துறந்து வெளியேறினார் என்பது மரபு. அங்கே கொஷ்சேய் தன் சாவையே ஓர் ஊசி முனையில் பூட்டி வைத்திருக்கிறான். ஒருவருக்கு ஊசி எல்லாவற்றையும் விடுவதற்குக் காரணமானது. இன்னொருவனுக்கு ஊசிதான் விடவே முடியாத கடைசிச் சொத்து. இந்த இருவரையும் ஒரே பெயரால் அழைக்க முடியாது.

ஏழுகிணற்றில் வாழ்ந்து திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்து சென்று வழிபட்ட வள்ளலாரும் மரணமிலாப் பெருவாழ்வைப் பற்றித்தான் பேசினார். ஆனால் அவர் அதற்கு வைத்த படிக்கட்டு ஜீவகாருண்யம். வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடியவர் அவர். லிச்சோ நிலைத்திருப்பதற்குப் பிற உயிர்களைத் தின்றாக வேண்டும். ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு விதிகளில் அது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

அசெரெராக், வெக்னா என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்கள் யார்?

அசெரெராக், 'கொடூரங்களின் கல்லறை' என்று பொருள்படும் பெயர் கொண்ட, ஆட்டத்துக்கென எழுதிய சாகசக் கதையின் வில்லனான லிச். 1975இல் பால்டிமோரில் நடந்த ஆரிஜின்ஸ் மாநாட்டில் போட்டியாக ஆடுவதற்குக் கைகாக்ஸ் அதை எழுதினார். 1978இல் அச்சில் வந்தது. தம் பாத்திரங்களின் ஆற்றலைப் பற்றிப் பெருமை பேசிய கெட்டிக்கார ஆட்டக்காரர்களின் வாயை அடைப்பதே அதன் நோக்கம். உள்ளே சென்றவர்களில் பெரும்பாலோர் பொறிகளில் மாட்டிச் சாவார்கள். கடைசி அறையில் இருப்பது ஒரு மண்டையோடு மட்டும்: கண்குழிகளில் மாணிக்கம், பற்களாக வைரம். அதைச் சீண்டினால் ஒருவரின் உயிரை இழுத்து அந்தக் கல் ஒன்றுக்குள் அடைத்துவிடும். உடல் முழுவதும் உதிர்ந்து மண்டையோடாக எஞ்சும் இந்த நிலைக்கு 'டெமிலிச்' என்று பெயர். பிற்கால விதிகளில், உயிர்களை ஊட்ட மறந்த லிச்தான் இப்படித் தேய்கிறது என்று சொல்லப்பட்டது. எனக்கு அந்த மறதி பிடித்திருக்கிறது. சாகாமல் இருப்பதற்காகவே எல்லாம் செய்தவன் கடைசியில் அதையே மறந்துவிடுகிறான்.

வெக்னா என்ற லிச்சின் பெயர், ஜேக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் குடும்பப் பெயரிலுள்ள எழுத்துகளை இடம் மாற்றி அமைத்தது. ஒருமுறை மனப்பாடம் செய்து ஏவிய மந்திரம் நினைவிலிருந்து அழிந்துவிடும் என்ற பழைய விதி அவரிடமிருந்து எடுத்தது என்பதால் இந்த மரியாதை. 1976இல் முதலில் வந்தவை வெக்னாவின் வெட்டுண்ட கையும் பிடுங்கப்பட்ட கண்ணும்தான். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் நான்காம் பருவத்துக்குப் பிறகு இந்தப் பெயரைத் தெரிந்துகொண்டு எங்களிடம் வந்தவர்கள் பலர். அந்தத் தொடரில் வருபவன் லிச் அல்லன். சிறுவர்கள் தங்கள் ஆட்டத்திலிருந்து எடுத்து அவனுக்கு அந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள்.

ஹாரி பாட்டர் கதையின் ஹார்க்ரக்ஸ் இதுதானே?

அதே கதைக்கருவின் இன்னொரு கிளை. அங்கே உயிர் பல துண்டுகளாக்கப்பட்டுப் பல பொருள்களில் ஒளிக்கப்படுகிறது. லிச்சுக்குப் பேழை பொதுவாக ஒன்றுதான்.

லிச்சை எப்படிக் கொல்வது?

2014ஆம் ஆண்டு விதிகளின்படி லிச்சின் உயிர்ப்புள்ளிகள், அதாவது அது தாங்கும் அடியின் அளவு, 135. எதிரியின் கடுமையைக் காட்டும் அறைகூவல் அளவு 21. அந்த அளவுக்கு 135 என்பது அதிகமன்று. நன்கு வளர்ந்த நால்வர் குழு மூன்று நான்கு சுற்றுகளில் தீர்த்துவிடும். ஆனால் நாளைக்கு மூன்று முறை, தவறிய காப்பு வீசலை (தீங்கிலிருந்து தப்பப் பகடை உருட்டுவதை) வெற்றி என்று அறிவித்துக்கொள்ள லிச்சால் முடியும். அதன் தொடுகை உடலை முடக்கும். நூறு அல்லது அதற்குக் குறைந்த உயிர்ப்புள்ளிகள் உள்ளவரை ஒரே சொல்லால் கொல்லும் மந்திரமும் கைவசம் உண்டு. தாயக்கட்டை உருட்டிப் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே ஒன்று விழுந்தால் தாயம், காய் இறங்கும், இங்கே இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தால் இறங்குவது உங்கள் பாத்திரமாகத்தான் இருக்கும்.

இவ்வளவும் செய்து உடலை அழித்தாலும் வேலை முடியவில்லை. ஒன்று முதல் பத்து நாட்களுக்குள், பேழைக்கு ஐந்தடி தூரத்துக்குள், புதிய உடலோடு லிச் எழுந்துவிடும். பேழையைக் கண்டுபிடித்து அழிப்பதே கொலை. அதுவும் சுத்தியலால் தட்டி உடைக்கும் வேலையன்று. ஒவ்வொரு பேழைக்கும் தனிச் சடங்கோ தனிக் கருவியோ தேவைப்படும் என்று விதிநூல் சொல்லி, அது என்ன என்பதை நடத்துநரிடம் விட்டுவிடுகிறது.

நீங்கள் உங்கள் மேசையில் லிச்சை எப்படி நடத்துகிறீர்கள்?

முதல் தடவை மிக மோசமாக நடத்தினேன். மலைக்கோட்டை, பச்சை நெருப்பு, இடிமுழக்கம் என்று எல்லாவற்றையும் வைத்தேன். நான்காம் சுற்றில் லிச் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த வாரம் அது திரும்பி வந்தது. அதற்கடுத்த இரண்டு வாரங்கள் பேழையைத் தேடி அலைந்தார்கள். நான் எந்தத் தடயமும் வைத்திருக்கவில்லை. மிக நன்றாக ஒளித்துவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஒருவர் பகடையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை என்றால் நாங்கள் எதற்கு வருகிறோம்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். கிளிக்கதையில் இளவரசி செய்யும் வேலையை நான் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

பேசாத லிச்சின் இரகசியம் எப்படி வெளியே வரும் என்பதிலிருந்துதான் இப்போது கதையைத் தொடங்குகிறேன். சென்ற ஆண்டு ஆடிய கதையின் நகரத்தை நமக்குப் பழக்கமான இடங்களை வைத்து அமைத்தேன்: மீன்பிடித் துறைமுகம், உப்பளம், தொலைவில் புகைபோக்கிகள், தங்கசாலைத் தெருவைப் போல நெருக்கமான ஒரு கடைத்தெரு. லிச் தன் உயிரை ஒரு பித்தளைச் செம்பில் அடைத்து, அந்தத் தெருவின் அடகுக்கடை ஒன்றில் அடகு வைத்திருந்தது. மலையும் கடலும் தேவையில்லை. இரும்புப் பெட்டகமும், பொருளைக் கண்ணாகக் காக்கும் கடைக்காரர் பரம்பரையும் போதும். கடை கைமாறலாம், வட்டி வரும் வரை பொருளை யாரும் ஏலத்தில் விட மாட்டார்கள்.

அந்த வட்டிதான் தடயம். இருநூறு ஆண்டுகளாக, மாதம் தவறாமல், செம்பின் மதிப்பைப் போலப் பலநூறு மடங்கு வட்டி கட்டியும் யாரும் அதை மீட்கவில்லை என்பதைப் பழைய பேரேட்டைப் புரட்டிய ஆட்டக்காரர் ஒருவர் கண்டுபிடித்தார். அவர் வங்கியில் பணிபுரிபவர். வாள் வீசுவதில் ஆர்வமில்லாமல் ஓராண்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்தவர், அன்றைக்கு மேசையை விட்டு எழவில்லை. லிச்சுக்குப் பேச ஆளில்லை என்றாலும், கணக்கு வைக்க ஆள் வேண்டியிருக்கிறது.

ஆட்டக்காரர்களுக்கு அச்சம் வருவதற்கு என்ன செய்ய வேண்டும்?

எலும்பைக் காட்டி வடசென்னைக்காரர்களைப் பயமுறுத்த முடியாது. இங்கே சாவு ஒளிந்து நடப்பதன்று. பறை முழங்க, பூ இறைத்து, தெரு முழுவதும் அடைத்து ஊர்வலம் போகும். இரவு முழுவதும் மரண கானா பாடுவார்கள். செத்தவர் வாழ்ந்த வாழ்க்கை, பட்ட கடன், பிடித்த சினிமா எல்லாம் பாட்டில் வரும். பிணத்தைச் சுற்றிச் சத்தம் இருக்கும் வரை எங்களுக்குப் பயம் கிடையாது.

ஆகவே அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டேன். என் லிச் வாழும் தெருவில் யாரும் அழுததில்லை. இறந்து இருநூறு ஆண்டுகளாகியும் அதற்குப் பந்தல் போடவில்லை, கருமாதி செய்யவில்லை, பெயர் சொல்லிப் பாட ஒருவரும் இல்லை. அதன் வீட்டுக்குள் நுழையும் பாத்திரங்களுக்குத் தங்கள் காலடிச் சத்தமே கேட்காது என்று மட்டும் சொன்னேன். மொட்டைமாடியில் அதுவரை இருந்த பேச்சு நின்றுவிட்டது. பச்சை நெருப்பால் நடக்காதது அதனால் நடந்தது.

நல்ல லிச் உண்டா?

உண்டு. தம் குலத்தைக் காப்பதற்காக இந்த நிலையை ஏற்கும் எல்ஃப் முன்னோர்களை 'பேல்னார்ன்' என்ற பெயரில், இந்த ஆட்டத்தின் கற்பனை உலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் காணலாம். எனக்கு அதில் ஈடுபாடில்லை. பிற உயிரைத் தின்னாத லிச் என்பது காரமில்லாத மிளகாய்.

பேழை உடைந்த பிறகு என்ன செய்வது?

பெரும்பாலான நடத்துநர்கள் புதையலைப் பங்கிட்டுக் கதையை முடித்துவிடுவார்கள். எங்கள் கதையில் செம்பை உடைக்கவில்லை. அடகுச் சீட்டைக் கைப்பற்றிய குழுவினர் கடைக்குச் சென்று, அசலையும் வட்டியையும் முறையாகக் கட்டி, கணக்கைத் தீர்த்து, செம்பை மீட்டார்கள். அன்றைய சடங்கு என்ன என்பதை நான் முன்பே தீர்மானித்திருந்தேன்: லிச்சின் இயற்பெயரைச் சொல்லி யாராவது ஒருவர் ஒப்பாரி வைக்க வேண்டும். பேரேட்டில் முதல் பக்கத்தில் அந்தப் பெயர் இருந்தது. காசிமேட்டிலிருந்து வரும் ஆட்டக்காரர் ஒருவர் மேசையில் தாளம் தட்டி, அந்தப் பெயரை வைத்து அங்கேயே நான்கு வரி கட்டிப் பாடினார். கீழ்வீட்டுப் பாட்டி மாடிப்படி ஏறி வந்து, யார் செத்துப்போனது என்று கேட்டார்.